நெடுஞ்சாலையில் வேகம்: ஊருக்கு ஊர் ஏன் மாறுகிறது?

(நமது சங்கத்தின் நாக்பூர் கிளை மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன மாதம் இதே மேடையில் உபநிஷத்தைப் பற்றி அருமையான சொற்பொழிவு கேட்டோம். இந்த மாதம் லாரி, பஸ், பிரேக் என்று பேசப் போகிறேன். இறங்கி வந்ததற்கு மன்னிக்க வேண்டும். ஆனால் இங்கே இருக்கும் எல்லோரும் வருஷத்துக்கு இரண்டு முறையாவது கல்யாணம், பூணூல், குலதெய்வம் என்று நெடுஞ்சாலையில் பிரயாணம் செய்கிறவர்கள். ஆகையால் விஷயம் நம் க்ஷேமத்தைப் பற்றியதுதான்.

நம் வீட்டு விசேஷங்களில் சாப்பாட்டுக்குப் பிறகு வெற்றிலைத் தட்டைச் சுற்றி நடக்கும் சர்ச்சை ஒன்று உண்டு. எந்த ஊர்க்காரன் மோசமாக வண்டி ஓட்டுகிறான்? டில்லியிலிருந்து வந்தவர் டில்லி என்பார். பெங்களூர்க்காரர் விட்டுக் கொடுக்க மாட்டார். பஞ்சாபிக்கு ரத்தத்திலேயே வேகம், மலையாளி ஜாக்கிரதைக்காரன், நம்மவர்கள் நடுவாந்திரம் என்று ஒருவர் தீர்ப்புச் சொல்லி முடிப்பார். அந்தத் தீர்ப்பை நானே பல கல்யாணங்களில் சொல்லியிருக்கிறேன். மத்திய அரசு உத்தியோகத்தில் ஊர் ஊராக மாற்றலாகிப் போனவன் என்பதால் என் வார்த்தைக்குக் கொஞ்சம் மதிப்பும் இருந்தது. அந்தத் தீர்ப்பு தவறு என்பதைச் சொல்லத்தான் இன்று நிற்கிறேன்.

நாக்பூரில் இருக்கும் நமக்கு ஒரு சௌகரியம். ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி போகும் தேசிய நெடுஞ்சாலை 44 நம் ஊர் வழியாகத்தான் போகிறது. சுமார் 3,745 கிலோமீட்டர். நாட்டிலேயே நீளமான நெடுஞ்சாலை. டில்லிக்கு வடக்கே எண் 1 என்றும், நமக்குத் தெற்கே எண் 7 என்றும் பழையவர்கள் சொல்வது இதைத்தான். 2010ல் எண்களை மாற்றினார்கள். லூதியானா, பானிபட், டில்லி, ஆக்ரா, குவாலியர், ஜான்சி, நாக்பூர், ஹைதராபாத், கர்நூல், பெங்களூர், சேலம், மதுரை எல்லாம் ஒரே சாலையில். இதன் பல துண்டுகளில் அலுவலக ஜீப்பிலும் சொந்த வண்டியிலும் நான் போயிருக்கிறேன்.

முதலில் பஞ்சாப். 1980களில் லூதியானாவில் மூன்று வருஷம் இருந்தேன். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு சர்தார்ஜிதான் எங்கள் ஜீப் டிரைவர். கடைத்தெருவில் ஆமை மாதிரி போவார். ஜி.டி. ரோடு வந்ததும் ஜீப் கிடுகிடு என்று நடுங்கும் அளவுக்கு மிதிப்பார். அப்போது அதை அவருடைய குணம் என்று நினைத்தேன். இப்போது யோசித்தால் அந்தச் சாலையின் குணம் தெரிகிறது. தட்டையான பூமி, இரண்டு பக்கமும் கோதுமை வயல், வளைவே கிடையாது, ஒரு மைல் தூரம் கண்ணுக்குத் தெரிகிறது. அங்கே யார் உட்கார்ந்தாலும் கால் தானாக அழுத்தும். நானே அழுத்தியிருக்கிறேன்.

ஆனால் டிசம்பர், ஜனவரியில் அதே சாலையில் பனிமூட்டம் இறங்கும். முப்பது மீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. கரும்பு ஏற்றிய டிராக்டர் பின்விளக்கு இல்லாமல் ஊர்ந்து கொண்டிருக்கும். பதினோரு மாதம் பழகிய கால் பன்னிரண்டாவது மாதத்தில் அந்தப் பழக்கத்தை விடுவதில்லை.

இங்கே கொஞ்சம் பௌதிகம் சொல்ல அனுமதி வேண்டும். பி.எஸ்சி. படித்த தோஷம், விடாது. எதிரே ஏதோ தெரிந்து, கால் பிரேக்குக்குப் போக ஏறத்தாழ ஒன்றரை வினாடி ஆகிறது. பிறகுதான் வண்டி வேகம் குறைய ஆரம்பிக்கும். உலர்ந்த சாலை, நல்ல டயர், நல்ல பிரேக் என்று வைத்துக் கொண்டு கணக்குப் போட்டால், 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் முழுவதும் நிற்க சுமார் 45 மீட்டர் வேண்டும். 80ல் 68 மீட்டர். 100ல் 97 மீட்டர். 120ல் கிட்டத்தட்ட 130 மீட்டர். வேகம் இரண்டு மடங்கானால் நிற்கும் தூரம் இரண்டு மடங்குக்கு மேல் போய்விடுகிறது. காரணம், ஓடும் வண்டியின் சக்தி வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 60க்கும் 90க்கும் வித்தியாசம் ஒன்றரை மடங்குதான், ஆனால் மோதும்போது உடம்பு வாங்கும் அடி இரண்டேகால் மடங்கு. முப்பது மீட்டர் தெரியும் பனியில் 60ல் போனால்கூட நிறுத்த முடியாது என்பது இதிலிருந்தே தெரியும். இந்தக் கணக்குக்குப் பஞ்சாபி, தமிழன் என்ற வித்தியாசம் கிடையாது.

அடுத்தது கேரளம். அது 44ஆம் எண் சாலையில் இல்லை. ஆனாலும் 1990களில் கோட்டயத்தில் இரண்டு வருஷம் இருந்தவன் என்பதால் சொல்கிறேன். அங்கே ஓர் ஊர் எங்கே முடிகிறது, அடுத்த ஊர் எங்கே ஆரம்பிக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. வழி நெடுக வீடு, கடை, பள்ளிக்கூடம், சர்ச், கோயில். பத்து நிமிஷத்துக்கு ஒரு வளைவு என்றால் மிகையில்லை, குறைவு. தனியார் பஸ்கள் பயமுறுத்தும்படி ஓட்டுவதாகத் தோன்றும். ஆனால் கடிகாரத்தையும் கிலோமீட்டர் கல்லையும் பார்த்துக் கணக்குப் போட்டால் மணிக்கு முப்பத்தைந்து, நாற்பதுக்கு மேல் தேறாது. சத்தம் அதிகம், வேகம் குறைவு.

இப்போது சர்க்கார் கணக்கைப் பார்ப்போம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வருஷா வருஷம் விபத்துக் கணக்கை வெளியிடுகிறது. 2022ஆம் ஆண்டில் நாடு முழுவதும் 4,61,312 விபத்துகள். இறந்தவர்கள் 1,68,491 பேர். அதாவது நூறு விபத்துக்கு சுமார் 36 மரணம். விபத்து எண்ணிக்கையில் முதலிடம் எந்த மாநிலம் என்று நினைக்கிறீர்கள்? நம் தமிழ்நாடு. 64,105 விபத்துகள். ஆனால் இறந்தவர்கள் எண்ணிக்கையில் முதலிடம் உத்தரப் பிரதேசம், 22,595 பேர். அங்கே பதிவான விபத்துகள் 41,746தான். நூறு விபத்துக்கு எத்தனை மரணம் என்று வகுத்துப் பார்த்தால் தமிழ்நாட்டில் 28, உத்தரப் பிரதேசத்தில் 54, பஞ்சாபில் 77, கேரளத்தில் 10க்கும் குறைவு. கேரளத்தில் 43,910 விபத்து நடந்தும் இறந்தவர்கள் 4,317 பேர். பஞ்சாபில் வெறும் 6,138 விபத்தில் 4,756 பேர் போய்விட்டார்கள்.

இதைப் பார்த்ததும், "பார்த்தீர்களா, நான் சொன்னது சரிதானே, பஞ்சாபி வேகம், மலையாளி நிதானம்" என்று சொல்லத் தோன்றும். நானும் அப்படித்தான் குதித்தேன். ஆனால் ஆபீஸில் புள்ளிவிவரத்தோடு காலம் கழித்தவன், கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வேண்டாமா? கேரளத்தில் ஸ்கூட்டர் கீறல் பட்டால்கூடப் போலீஸில் பதிவு செய்து இன்ஷூரன்ஸ் கேட்பார்கள். வேறு சில மாநிலங்களில் உயிர் போனால்தான் ஸ்டேஷனுக்கே போவார்கள். ஆகவே வகுக்கும் எண்ணே ஊருக்கு ஊர் வேறு. இரண்டாவது, கேரளத்தில் எங்கே விழுந்தாலும் கூப்பிடு தூரத்தில் ஆஸ்பத்திரி. தமிழ்நாட்டில் 2008லிருந்து 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. 2021 டிசம்பரிலிருந்து விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் திட்டமும் இருக்கிறது. மூன்றாவதாகத்தான் வேகம் வருகிறது. ஆனால் அது சின்னக் காரணம் இல்லை. 2022ல் இறந்தவர்களில் நூற்றுக்கு 71 பேருடைய மரணத்துக்கு அதிவேகமே காரணம் என்று அதே அறிக்கை சொல்கிறது.

சரி, அந்த வேகம் ஊர்க்காரரின் ரத்தத்தில் இருக்கிறதா, சாலையில் இருக்கிறதா? இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் சொன்னவர் ஒரு நாமக்கல் லாரி டிரைவர்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள், இங்கிருந்து ஹிங்கன்காட் போகும் வழியில் ஒரு தாபாவில் டீ குடிக்க நிறுத்தினேன். பக்கத்தில் தமிழ்நாட்டுப் பதிவு எண்ணோடு ஒரு லாரி. நாமக்கல் லாரி போகாத ஊர் இந்தியாவில் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். தமிழில் பேசியதும் அவருக்கு ஒரே சந்தோஷம். முப்பது வருஷமாக ஓட்டுகிறாராம். எந்த மாநிலத்தில் ஓட்டுவது கஷ்டம் என்று கேட்டேன். சிரித்தார்.

"கேரளாவுல நாங்க எல்லாம் பெட்டிப் பாம்பு சார். வளைவுக்கு வளைவு ஆள் நிக்கும். ம.பி. பக்கம் வந்தா ராத்திரியில ரோடு காலியா கெடக்கும், யாரும் கேக்க மாட்டாங்க, அங்க மிதிப்போம். அந்தந்த ஊருக்கு அந்தந்த ஓட்டு. ரோடு என்ன சொல்லுதோ அதைத்தான் கால் கேக்கும்."

ஒரே ஆள், ஒரே லாரி, ஒரே சரக்கு. மாநில எல்லையைத் தாண்டியதும் வேறு டிரைவராகி விடுகிறார். நான் நாற்பது வருஷமாகச் சொல்லி வந்த ரத்த சித்தாந்தம் அந்த டீ ஆறுவதற்குள் ஆறிப் போயிற்று.

அவரிடம் தொப்பூர்க் கணவாயைப் பற்றியும் கேட்டேன். தர்மபுரிக்கும் சேலத்துக்கும் நடுவில் இதே 44ஆம் எண் சாலையில் நீண்ட இறக்கம். லாரி விபத்துக்குப் பேர்போன இடம். டீசல் மிச்சம் பிடிப்பதற்காக இறக்கத்தில் நியூட்ரலில் விடுகிறார்கள் என்று படித்திருந்தேன். அவர் மறுக்கவில்லை. டீசல் கணக்கில் மிச்சம் பிடிப்பதுதான் சில பேருக்குக் கைச்செலவுப் பணம் என்றார். கியரில் இருந்தால் என்ஜினே வண்டியைப் பிடித்து இழுக்கும். நியூட்ரலில் அந்தப் பிடிப்பு போய்விடும். முப்பது டன் எடையும் பிரேக் ஒன்றை மட்டும் நம்பி இறங்கும். பிரேக் சூடேறிச் சூடேறிக் கடைசியில் பிடிக்காமல் போய்விடும். கீழே நிற்கும் கார்களின் கதி அவ்வளவுதான். அங்கே வேகத்தை நிர்ணயிப்பது டிரைவரின் குணமா, அவருக்குக் கிடைக்கும் கூலியா? நீங்களே சொல்லுங்கள்.

இன்னொரு குறையையும் எல்லோரும் சொல்வோம். நான்கு வழிச் சாலையில் லாரிகள் வலது பக்கத்தைப் பிடித்துக் கொண்டு நகராமல் போகின்றன, நாம் இடது பக்கமாக முந்த வேண்டியிருக்கிறது. உண்மை. அதற்கும் காரணம் கேட்டேன். "லெஃப்டுல போங்கன்னா எப்படி சார்? லெஃப்டுல பைக் எதிர்ல வரும், மாடு நிக்கும், லைட்டே இல்லாம வண்டி நிறுத்தியிருப்பான்" என்றார். பைக்காரன் ஏன் எதிர்த் திசையில் வருகிறான்? அவன் வயல் அந்தப் பக்கம், வீடு இந்தப் பக்கம். நடுச்சுவரில் வழி மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. சாலை போட்டவர்கள் அவனை நினைக்கவில்லை. அவன் சாலை விதியை நினைக்கவில்லை. ஒவ்வொரு தவறுக்குப் பின்னாலும் இன்னொருவருடைய தவறு வால் பிடித்துக் கொண்டு நிற்கிறது.

சைகை பாஷையும் ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் குழப்பம். முன்னால் போகும் லாரி வலது இண்டிகேட்டர் போட்டால் சிலர் "நான் வலப்பக்கம் வருகிறேன்" என்று சொல்கிறார்கள், சிலர் "நீ வலப்பக்கமாக முந்திக் கொண்டு போ" என்று சொல்கிறார்கள். ஒரே விளக்குக்கு நேர் எதிரான இரண்டு அர்த்தம்! தலைவிளக்கைப் பளிச் பளிச் என்று அடித்தால் சில வெளிநாடுகளில் "நீங்கள் முதலில் போங்கள்" என்று மரியாதை. நம் நாட்டில் "நான் வருகிறேன், ஒதுங்கு" என்று அதட்டல். அமெரிக்காவில் இருந்து வரும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். லாரிக்குப் பின்னால் 'ஹார்ன் ஓகே ப்ளீஸ்' என்று எழுதுவதை நம் மகாராஷ்டிர அரசு 2015ல் தடை செய்தது, தேவையில்லாமல் ஒலி எழுப்பத் தூண்டுகிறது என்று. எழுத்து ஓரளவு போயிற்று. ஒலி போகவில்லை.

"இந்தியர்களைத் திருத்தவே முடியாது" என்று யாராவது சொன்னால் நான் ஐஸ்வாலைச் சொல்வேன். மிசோரத்தின் தலைநகர். வேலையாக ஒரு முறை இரண்டு வாரம் அங்கே தங்கினேன். மலை விளிம்பில் குறுகலான சாலை. கார்கள் ஒன்றன் பின் ஒன்றாக ஒரு வரிசை. பக்கத்தில் ஸ்கூட்டர்கள் தனி வரிசை. அரை மணி நேரம் நின்றாலும் வரிசையை விட்டு ஒருவன் வெளியே வரவில்லை. ஹார்ன் சத்தமே கிடையாது. முதல் நாள் எனக்குக் காது அடைத்துவிட்டதோ என்று சந்தேகம் வந்தது. அவர்களும் நம் நாட்டவர்கள்தான். இவ்வளவு குறுகிய சாலையில் ஒருவன் வரிசையைக் குலைத்தால் ஊரே நிற்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. பக்கத்து வண்டிக்காரன் பார்த்துக் கொண்டிருக்கிறான் என்ற வெட்கமும் இருக்கிறது.

அது சின்ன ஊர் என்பீர்கள். பெரிய சாலைகளையும் சொல்கிறேன். மும்பை–புனே விரைவுச் சாலையில் 2016ல் 151 பேர் இறந்தார்கள். வளைவுகளில் தடுப்பு, நின்ற வண்டிகளை உடனே அகற்றுவது, கண்காணிப்பு, ஆம்புலன்ஸ் என்று ஒவ்வொன்றாகச் சீர்செய்ததில் சில வருஷங்களில் அந்த எண்ணிக்கை பாதிக்கும் கீழே வந்தது. பெங்களூர்–மைசூர் புதுச் சாலை 2023 மார்ச்சில் திறந்ததும் விபத்துக்கு மேல் விபத்து. அந்த ஆகஸ்டிலிருந்து பைக், ஆட்டோ, டிராக்டர்களைப் பிரதானச் சாலையில் விடவில்லை. வேகத்தைப் பிடிக்கும் கேமராவும் வைத்தார்கள். மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. டில்லி–ஆக்ரா யமுனா விரைவுச் சாலையில் குளிர்காலத்தில் வேக வரம்பையே குறைத்து விடுகிறார்கள். பஞ்சாபிலும் 2024 ஜனவரியில் நெடுஞ்சாலைக்கென்றே தனிப் பாதுகாப்புப் படை அமைத்து ரோந்து வண்டிகளை நிறுத்தியிருக்கிறார்கள். மக்களின் குணத்தை யாரும் மாற்றவில்லை. சாலையையும் கண்காணிப்பையும் மாற்றினார்கள், ஓட்டும் விதம் தானாக மாறியது.

நம் ஊர் சம்ருத்தி மகாமார்க்கைச் சொல்லாமல் விட முடியாது. நாக்பூரிலிருந்து மும்பை வரை 701 கிலோமீட்டர். 2022 டிசம்பரில் முதல் பகுதியும் 2025 ஜூனில் கடைசிப் பகுதியும் திறந்தார்கள். கார்களுக்கு 120 வரை அனுமதி. அருமையான சாலை. அருமையாக இருப்பதே ஆபத்து. கடையில்லை, மரமில்லை, வளைவு அதிகமில்லை. விழித்த கண்ணோடு மூளை தூங்கிப் போகிறது. அதோடு நம் விதர்ப வெயிலில் பழைய டயரை 120ல் ஓட்டினால் அது வெடிக்கும். 2023 ஜூலை 1 அதிகாலையில் இங்கிருந்து புனே போன பஸ் புல்டாணா மாவட்டத்தில் கவிழ்ந்து தீப்பிடித்து 25 பேர் இறந்ததை நாம் மறக்க முடியாது. அன்று நம் கிளையிலேயே எத்தனை வீட்டில் போன் மணி அடித்தது! புனேயில் வேலை பார்க்கும் பிள்ளைகள் எல்லோரும் பத்திரமா என்று காலை பூரா விசாரித்துக் கொண்டிருந்தோம்.

சாலை ஒரு காரணம், கண்காணிப்பு ஒரு காரணம், கூலி ஒரு காரணம் என்று சொல்லிக் கொண்டு வந்தேன். நான்காவது காரணம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லாவிட்டால் இந்தப் பேச்சுக்கே அர்த்தம் கிடையாது.

2012ல் கும்பகோணத்தில் என் தங்கையின் பேரனுக்கு உபநயனம். காலை ஏழரைக்கு மேல் முகூர்த்தம். நானும் என் மனைவியும் இங்கிருந்து விமானத்தில் பெங்களூர் போய், அங்கிருந்து வாடகைக் காரில் போவதாக ஏற்பாடு. விமானம் தாமதம். காரில் ஏறும்போது நள்ளிரவு பன்னிரண்டரை. கும்பகோணம் நானூறு கிலோமீட்டருக்கு மேல். டிரைவர் இருபத்து நாலு வயசுப் பையன். அன்று பகல் பூரா மைசூர் சவாரி போய்விட்டு வந்தவன் என்பதை ஓசூர் தாண்டியபோது அவனே சொன்னான். எனக்கு அது காதில் விழுந்தது. மனசில் விழவில்லை.

"தம்பி, கொஞ்சம் அழுத்திப் போப்பா, முகூர்த்தம் போயிடும்" என்றேன். ஒரு தடவை இல்லை. கிருஷ்ணகிரியில் ஒரு தடவை, தொப்பூர் இறங்கியதும் ஒரு தடவை. என் மனைவி, "நிதானமா போகட்டுமே, ஆசீர்வாதத்துக்குப் போனா போறாதா" என்றாள். நான் கேட்கவில்லை. பையன் 110ல் ஓட்டினான்.

சேலம் தாண்டி, விடிவதற்கு முன், சாலை ஓரத்தில் விளக்கில்லாமல் ஒரு லாரி நின்றிருந்தது. தாழ்ந்த விளக்கில் தெரிவது ஐம்பது, அறுபது மீட்டர். 110ல் நிற்க வேண்டியது 113 மீட்டர். இந்தக் கணக்கைப் பிறகுதான் போட்டேன். பையன் கடைசி நிமிஷத்தில் திருப்பினான். லாரியின் மூலை இடது பக்கத்தைக் கிழித்தது, கார் போய் நடுச்சுவரில் மோதியது. முன் சீட்டில் பெல்ட் போட்டிருந்த எனக்குச் சிராய்ப்பு. பின் சீட்டில் பெல்ட் இல்லாமல் கண்ணயர்ந்திருந்த என் மனைவிக்கு இடுப்பெலும்பு முறிந்தது. பையனுக்குத் தாடை எலும்பு. அவள் ஐந்து வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இன்றைக்கும் கைத்தடி இல்லாமல் நடப்பதில்லை. முகூர்த்தம் நாங்கள் இல்லாமல் நன்றாகவே நடந்தது.

ஒரு கணக்கு. பெங்களூரிலிருந்து சேலம் வரை 200 கிலோமீட்டர் என்று வைத்துக் கொள்வோம். 80ல் போனால் இரண்டரை மணி. வழி முழுக்க 110ல் பறந்தாலும் மிச்சம் நாற்பது நிமிஷம்தான். அந்த நாற்பது நிமிஷத்துக்கு என் மனைவி கொடுத்த விலை அது.

அதைவிட மோசமானது பிறகு நடந்தது. போலீஸ்காரர் ஆஸ்பத்திரிக்கு வந்து, "டிரைவர் வேகமா ஓட்டினாரா சார்?" என்று கேட்டார். "ஆமாம்" என்றேன். எழுதிக் கொண்டார். நான் கையெழுத்துப் போட்டேன். நான் சொன்னது பொய் இல்லை. வேகமாக ஓட்டச் சொன்னது யார் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. முப்பத்தைந்து வருஷம் சர்க்கார் கோப்புகளில் உண்மையை எழுதினவன் அன்று பாதி உண்மையோடு நிறுத்திக் கொண்டேன்.

ஒரு வருஷத்துக்குப் பிறகு ஒரு போன். அந்தப் பையன். "அம்மா எப்படி இருக்காங்க சார்? நடக்கிறாங்களா?" என்று கேட்டான். கேஸ் என்ன ஆயிற்று என்றேன். குற்றத்தை ஒப்புக் கொண்டு அபராதம் கட்டிவிட்டானாம். வண்டி வேலை போய்விட்டது, ஒரு கடையில் வேலை பார்ப்பதாகச் சொன்னான். நான்தான் அழுத்தச் சொன்னேன் என்பதை அவன் ஒரு வார்த்தைகூடக் குறிப்பிடவில்லை. "நான் அன்னிக்கே போலீஸ்ல சொல்லியிருக்கணும்பா" என்றேன். "விடுங்க சார், அம்மாவைப் பார்த்துக்குங்க" என்று வைத்துவிட்டான். போனைக் கீழே வைத்துவிட்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு அந்த எண்ணில் அவன் கிடைக்கவில்லை.

ஆகவே, எந்த ஊர்க்காரன் வேகமாக ஓட்டுகிறான் என்று யாராவது கேட்டால் இப்போது என் பதில் வேறு. பின்னால் உட்கார்ந்து அவசரப்படுத்துகிறவன் எந்த ஊரோ, அந்த ஊர்க்காரன். அன்று தமிழ்நாட்டுச் சாலையில், கர்நாடக வண்டியில், நாக்பூர்க்காரனாகிய நான்தான் வேகத்தை நிர்ணயித்தேன். பல ஊர்களில் இருக்கும் நம் அங்கத்தினர்கள் சாலையை மாற்ற முடியாது, கேமரா வைக்க முடியாது. இந்த நான்காவது காரணம் மட்டும் முழுக்க முழுக்க நம் கையில் இருக்கிறது. அதனால் சில வேண்டுகோள்கள்.

முகூர்த்தத்துக்கு முந்தின நாளே போய்ச் சேருங்கள். முடியாவிட்டால் தாமதமாகப் போய் ஆசீர்வாதம் செய்யுங்கள். அக்னி சாட்சியாக நடப்பது நமக்காகக் காத்திருக்காது, ஆனால் நாம் முழுசாக வந்து சேர்ந்தால் குழந்தைகள் சந்தோஷப்படுவார்கள்.

வாடகை வண்டியில் ஏறும்போது டிரைவரிடம் முதலில் கேட்க வேண்டியது வாடகை அல்ல. "நேத்து ராத்திரி தூங்கினியாப்பா? சாப்பிட்டியா?" என்று கேளுங்கள். தூங்கவில்லை என்றால் வேறு ஆளைக் கேளுங்கள், அல்லது ஒரு லாட்ஜில் படுத்துவிட்டு விடிந்ததும் கிளம்புங்கள். நள்ளிரவிலிருந்து விடியற்காலை ஐந்து வரை சாலையில் இருப்பதை எந்த விதத்திலாவது தவிர்க்கப் பாருங்கள்.

பின் சீட்டிலும் பெல்ட் போடுங்கள். சட்டமும் அதைத்தான் சொல்கிறது. 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி பால்கர் அருகே கார் விபத்தில் இறந்தபோது, பின் சீட்டில் இருந்த அவர் பெல்ட் போட்டிருக்கவில்லை என்ற செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. மடிசார் கசங்கும் என்று மாமிகள் சொல்லக் கூடாது. சந்தேகம் இருந்தால் எங்கள் வீட்டுக்கு வாருங்கள், என் மனைவி கைத்தடியைக் காட்டுவாள்.

வேறு மாநிலத்தில் சொந்த வண்டி ஓட்டும் பிள்ளைகளுக்கு ஒன்று. முதல் ஐம்பது கிலோமீட்டர் அந்த ஊர் எப்படி ஓட்டுகிறது என்று கவனித்துக் கொண்டு நிதானமாகப் போங்கள். பனியில் பஞ்சாபிலும், இறக்கத்தில் தொப்பூரிலும், நேர்ச்சாலையில் விதர்பத்திலும் அபாயம் வேறு வேறு உருவத்தில் வரும். முன்னால் போகும் வண்டியின் இண்டிகேட்டரை மட்டும் நம்பி முந்தாதீர்கள். உங்கள் கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் நிறுத்த முடிகிற வேகம்தான் உங்கள் வேக வரம்பு. பலகையில் எழுதியிருப்பது அதற்கு மேல் இருந்தாலும் சரி.

கடைசியாக, விபத்தைப் பார்த்தால் வண்டியை நிறுத்துங்கள். உதவி செய்கிறவரைப் போலீஸோ ஆஸ்பத்திரியோ அலைக்கழிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016ல் நெறிமுறைகளை உறுதி செய்தது. 2019ல் மோட்டார் வாகனச் சட்டத்திலும் அதைச் சேர்த்துவிட்டார்கள். அன்று எங்களைக் காரிலிருந்து வெளியே எடுத்துப் படுக்க வைத்தவர்கள் பால் வண்டியில் வந்த இரண்டு பேர். அவர்கள் பெயரைக்கூட நான் கேட்டுக் கொள்ளவில்லை.

எழுபது வயசுக்கு மேல் பெரிதாக எந்த அவசரமும் இல்லை என்பது ஒரு பெரிய விடுதலை. அந்த விடுதலையை நாற்பது வயசிலேயே சம்பாதித்துக் கொள்ளுங்கள் என்று இளைஞர்களைக் கேட்டுக் கொள்கிறேன்.  காபி தயாராகிவிட்டதாகச் செயலாளர் ஜாடை காட்டுகிறார். எழுந்து மெதுவாகவே போகலாம்.